வெளியீட்டுப் பட்டியலும் பழைய குடுவையும்: கோலாலம்பூர் புற்றுநோய் ஆய்வாளர் ஒருவர் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோலாலம்பூரில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலத்தில் மூத்த விரிவுரையாளராக இருந்த தமிழ்ப் பெண் ஒருவரைப் பற்றியது இது. வாய்ப் புற்றுநோய் அவருடைய துறை. 2008இல் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கி 2012இல் முடித்தார். 2013இல் விரிவுரையாளராகவும் 2016இல் மூத்த விரிவுரையாளராகவும் ஆனார். இணைப் பேராசிரியர் பதவிக்கு 2022 ஜூன் இறுதிக்குள் விண்ணப்பிக்கவேண்டும்.

மலேசிய இந்தியர்களிடையே, அதிலும் பெண்களிடையே, வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தாரைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. தோட்டப்புறங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த வெற்றிலை பாக்குப் பழக்கம் இதில் முக்கியக் காரணி. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட 85ஆம் தொகுதி சொல்கிறது. முனைவர் பட்ட மாணவியாக அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது இந்தப் பின்னணியைத்தான்: உள்ளூர் மூலிகைச் சாறுகள் வாய்ப் புற்றுநோய்ச் செல்களை எப்படி அழிக்கின்றன என்ற கேள்வி.

பதவி உயர்வுப் படிவம் கேட்டவை நான்கு: ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் பதியும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் உள்ள கட்டுரைகளின் எண்ணிக்கை, முதல் ஆசிரியராகவோ இதழோடு தொடர்புகொள்ளும் பொறுப்புள்ள தொடர்பு ஆசிரியராகவோ இருந்தவை எத்தனை, இதழ்களின் கால்வரிசை (தரவரிசையில் எந்தக் கால் பகுதி என்பது), கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள்களையும் சேர்த்து அளக்கும் எச்-குறியீடு. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கட்டம். பிற்பாடு சிக்கலானது அந்த ஒற்றைக் கட்டம்தான்.

பட்டியலில் கண்டவை

அவர் கைவசம் வைத்திருந்த பட்டியலில் 46 வெளியீடுகள் இருந்தன. நூலகத்தின் ஆய்வுச் சேவைப் பிரிவு ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிலையான அடையாள எண்ணான டிஓஐயைக் கொண்டு அவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தது. ஒரே கட்டுரை இரு தலைப்புகளில் ஓரிடத்திலும், முன்பதிப்பும் அச்சான வடிவமும் தனித்தனியாக வேறோரிடத்திலும் எண்ணப்பட்டிருந்தன. மூன்று மாநாட்டுச் சுருக்கங்கள் கட்டுரைகளாக நுழைந்திருந்தன. இவை கழிய மிஞ்சியவை 41. அவற்றில் ஆறு ஸ்கோபஸில் இல்லை: நான்கு உள்நாட்டு இதழ்களில் வந்தவை, இரண்டு எந்தத் தொகுப்பிலும் சேராத இதழ்களில் வந்தவை. ஆக ஸ்கோபஸில் 35 இருக்கவேண்டும். அவர் பெயரைத் தேடினால் 22 மட்டுமே வந்தன.

மீதி 13 எங்கே போயின என்பதற்கு விடை அவருடைய பெயரில் இருந்தது. மலேசிய அடையாள அட்டையான மைகார்டில் இந்தியப் பெண்ணின் பெயர் ‘இயற்பெயர் ஏ/பி தந்தை பெயர்’ என்று வரும். ஏ/பி என்பது ‘அனாக் பெரம்புவான்’, அதாவது மகள். குடும்பப் பெயர் என்ற ஒன்று நமக்குக் கிடையாது என்பதை ஐரோப்பிய இதழ்களின் படிவங்கள் அறியா. மாணவப் பருவத்தில் சமர்ப்பித்த கட்டுரைகளில் மைகார்டில் உள்ளபடியே பெயரை எழுதினார். சாய்கோடு படிவத்தில் ஏறவில்லை. ‘ஏபி’ தந்தை பெயரோடு ஒட்டி, அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. வேறு சில கட்டுரைகளில் மேற்பார்வையாளர் அவர் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கி, தந்தை பெயரை முழுதாக எழுதி அனுப்பியிருந்தார்.

ஸ்கோபஸ் ஆசிரியர் கோப்புகளைக் கணினியே உருவாக்குகிறது. பெயர், நிறுவனம், துறை, உடன் எழுதியவர்கள், மேற்கோள்கள் ஆகியவற்றை ஒப்பிட்டுச் சேர்க்கும் அல்லது பிரிக்கும். இவருக்கு மூன்று கோப்புகள் இருந்தன. முதலாவதில் 22 கட்டுரைகள். ‘ஏபி’ ஒட்டிய இரண்டாவதில் 8. மூன்றாவதில் 11, ஆனால் அவற்றில் ஆறு, அதே தந்தைப் பெயரும் அதே முதலெழுத்தும் கொண்ட தமிழ்நாட்டுப் பொறியாளர் ஒருவருடையவை. அலுமினியக் கலவைகளை உராய்வால் பற்றவைப்பது பற்றிய கட்டுரைகள் அவை.

இந்த ஆறும் ஸ்கோபஸோடு நிற்கவில்லை. 2017இல் ஆர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண்ணுக்கான கணக்கைத் தொடங்கியபோது, மூன்றாவது கோப்பை ஆர்கிட்டோடு இணைக்கும் பொத்தானை அவர் அழுத்தியிருக்கிறார். 11 கட்டுரைகளும் அப்படியே இறங்கின. அங்கிருந்து பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் தரவுத்தளத்துக்கும் போயின. ஐந்து ஆண்டுகள் அலுமினியம் ஒரு புற்றுநோய் ஆய்வாளரின் ஆண்டறிக்கையில் இருந்திருக்கிறது, யாரும் கேட்கவில்லை. எண்ணிக்கையைப் பார்க்கிறவர்கள் தலைப்பைப் படிப்பதில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

சீர்செய்த வரிசை

முதலில் ஆர்கிட், பிறகு ஸ்கோபஸ் என்று நூலகர் வரிசைப்படுத்தினார். மாற்றிச் செய்தால் பழைய தவறு மறுபடி இறங்கும். ஆர்கிட்டில் அந்த ஆறு கட்டுரைகளும் நீக்கப்பட்டு, தானாகப் புதுப்பிக்கும் அனுமதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. வெளியீட்டுப் பெயர் என்ற இடத்தில் இயற்பெயரும் தந்தை பெயரும் முழுதாக, ஏ/பி இல்லாமல், சுருக்கெழுத்து இல்லாமல் பதியப்பட்டன. வழக்கில் இருந்த மற்ற நான்கு வடிவங்களும் ‘வேறு பெயர்கள்’ என்ற இடத்தில் சேர்க்கப்பட்டன.

ஏ/பியை விடுவதா வேண்டாமா என்பதில் தயக்கம் இருந்தது. மைகிராண்ட்ஸ் போன்ற அரசு நிதித் தளங்கள் அடையாள அட்டைப் பெயரையே எடுக்கின்றன. பெயர் வேறுபட்டால் விளக்கக் கடிதம் வேண்டியிருக்கும். ஆனாலும் விடுவதென்றே முடிவானது. கடிதத்தை ஒருமுறை எழுதி வைத்தால் போதும். கட்டுரையில் ஒட்டிய ஏபியை ஒவ்வொரு முறையும் பிரிக்கவேண்டியிருக்கும்.

அடுத்து ஸ்கோபஸின் திருத்தப் படிவம். மூன்று கோப்புகளையும் தேர்ந்தெடுத்து, விரும்பும் பெயர் வடிவத்தைக் குறித்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் ‘என்னுடையது’ அல்லது ‘என்னுடையதல்ல’ என்று சொல்லவேண்டும். பலர் இந்த இடத்தில் அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். இங்கே ஆறு கட்டுரைகளையும் விலக்கி, பொறியாளருடைய உண்மையான கோப்பின் எண்ணையும் குறிப்பில் கொடுத்தார்கள். அவருக்கும் அவை போய்ச் சேரவேண்டுமே. மூன்று வாரத்தில் இணைப்பு முடிந்தது.

எச்-குறியீடு 10இலிருந்து 13 ஆனது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கோப்புகளின் குறியீடுகளைக் கூட்ட முடியாது. 13 என்றால் குறைந்தது 13 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 13 உள்ளன என்று பொருள். முதல் கோப்பில் அப்படிப் பத்து இருந்தன. இரண்டாவது கோப்பிலிருந்து மூன்று வந்து சேர்ந்தன. அந்த மூன்றில் 31 மேற்கோளோடு முன்னின்றது 2011இல் வந்த முனைவர் பட்டக் கட்டுரை.

குடுவையில் கண்டது

இணைப்பு முடிந்த இரண்டாவது வாரம், 2022 மார்ச்சில், அவருடைய ஆய்வு மாணவர் ஒருவரின் மேசைக்கு ஓர் அறிக்கை வந்தது. மாணவர் கட்டுரை அனுப்ப நினைத்த இதழ், செல் லைன்களின் (ஒரே மூலத்திலிருந்து ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்) அடையாளச் சான்றைக் கட்டாயமாகக் கேட்டது. அதற்காக ஆய்வகத்தின் நான்கு செல் லைன்கள் எஸ்டிஆர் சோதனைக்குப் போயிருந்தன. டிஎன்ஏவில் மீண்டும் மீண்டும் வரும் குறுந்தொடர்களின் நீளத்தை எட்டு இடங்களில் அளந்து, ஆளை அடையாளம் காண்பதுபோலச் செல்லை அடையாளம் காணும் முறை இது.

கேபி என்ற பெயரில் இருந்த செல், ஹீலா என்ற கருப்பைவாய்ப் புற்றுச் செல்லோடு 96.6 விழுக்காடு பொருந்தியது. ஹீலாவின் எட்டு இடங்களிலும் மொத்தம் 15 அளவுகள். இந்த மாதிரியில் ஒன்று இழந்துபோய் 14, அந்த 14உம் பொருந்தின. இரு மடங்கு 14ஐ, 14உம் 15உம் சேர்ந்த 29ஆல் வகுத்தால் வருவது இந்த எண். 80 விழுக்காட்டுக்கு மேல் என்றாலே ஒரே மூலம் என்று கொள்வது வழக்கம். டி13எஸ்317 என்ற இடத்தில் 12உம் 13.3உம் வந்ததே அனுபவமுள்ளவர்களுக்குப் போதுமானது. அந்த 13.3 ஹீலாவின் கைரேகை மாதிரி.

ஹீலா 1951இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வளர்க்கப்பட்டது. மிக வேகமாகப் பெருகும் அந்தச் செல், ஒரே அறையில் வளர்ந்த பல செல் லைன்களுக்குள் புகுந்து அவற்றை விழுங்கியது. வாய்ப் புற்றிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட கேபியும் அவற்றில் ஒன்று. 1960களில் ஸ்டான்லி கார்ட்லர் ஜி6பிடி நொதியின் வகையை வைத்து இத்தகைய கலப்பைக் காட்டிவிட்டார். தவறாக அடையாளம் காணப்பட்ட செல் லைன்களுக்கென்று பன்னாட்டுக் குழு ஒன்று வைத்திருக்கும் பதிவேட்டில் ஐநூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. கேபி அங்கே இருக்கிறது. ஏடிசிசி செல் வங்கியே தன் பட்டியலில் இதைக் கேபி என்று சொல்லி ஹீலா கலப்பையும் பக்கத்தில் குறிக்கிறது. செல் வங்கியில் வாங்கியிருந்தால் 2009இலேயே தெரிந்திருக்கும். ஆனால் இந்தக் குடுவை பக்கத்து ஆய்வகத்திலிருந்து, மூடியில் மார்க்கர் பேனாவால் எழுதிய இரண்டு எழுத்துகளோடு, எந்தத் தாளும் இல்லாமல் கைமாறி வந்தது.

அறிக்கை வந்ததும் எவருக்கும் கடிதம் எழுதவில்லை. சோதித்தது 2022இன் குடுவை. 2011 கட்டுரையின் செல்லும் அதுதானா என்று முதலில் தெரியவேண்டும். திரவ நைட்ரஜன் தொட்டியில் 2010 என்று எழுதிய இரண்டு குப்பிகள் கிடைத்தன. ஒன்றை உருக்கி, வளர்க்காமல் நேரடியாக டிஎன்ஏ பிரித்து அனுப்பினார்கள். வளர்த்தால் இன்றைய கலப்பு புகுந்தது என்ற வாதத்துக்கு இடம் கொடுத்ததாகும். அதுவும் ஹீலா. கூடவே அதே காலத்து ஓஆர்எல்-48 குப்பியும் போனது. சுபாங் ஜெயாவிலுள்ள கேன்சர் ரிசர்ச் மலேசியா, காரிஃப் என்ற பழைய பெயரில் இயங்கியபோது மலேசிய நோயாளியின் வாய்ப் புற்றிலிருந்து உருவாக்கிய செல் லைன் அது. அது தன் மூலப் பதிவோடு சரியாகப் பொருந்தியது.

பாதிக்கப்பட்ட கட்டுரைகள் மூன்று. 2011இல் வந்தது முழுக்கக் கேபியை மட்டும் நம்பியது. 2013இல் வந்தது கேபி, ஓஆர்எல்-48 இரண்டிலும் செய்தது. 2015இல் வந்ததில் ஐந்து செல் லைன்கள் கொண்ட ஒரு நச்சுத்தன்மை அட்டவணையில் கேபி ஒரு வரி.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

2013க்கும் 2015க்கும் திருத்த அறிவிப்பு போதும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கேபி வரியை எடுத்துவிட்டாலும் முடிவு நிற்கிறது.

2011தான் விவாதமானது. ஓய்வுபெற்ற மேற்பார்வையாளரை அவர் பிரிக்ஃபீல்ட்ஸில் நேரில் சந்தித்துப் பேசினார். “இதற்கெல்லாம் கட்டுரையைத் திரும்ப வாங்கினால் உலகத்தில் பாதி பேப்பர் மிஞ்சாதும்மா. நாம் பொய் எழுதவில்லையே, ஒரு திருத்தம் போட்டால் ஆயிற்று” என்றார் பெரியவர். “பொய் இல்லை புரொஃப். ஆனால் பி53 பகுதியைத் திருத்த முடியாது” என்பது இவருடைய பதில்.

அந்தப் பதிலில் விஷயம் இருக்கிறது. மூலிகைச் சாறு, செல் கட்டுமீறிப் பெருகுவதைத் தடுக்கும் பி53 புரதத்தைக் கூட்டி, அதன் வழியாக வாய்ப் புற்றுச் செல்லைச் சாகடிக்கிறது என்பது 2011இன் மைய முடிவு. ஹீலாவில் மனித பாப்பிலோமா வைரஸின் 18ஆம் வகை இருக்கிறது. அதன் இ6 புரதம் பி53ஐப் பிடித்துச் சிதைவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அத்தகைய செல்லில் பி53 கூடினால், சாறு இ6ஐக் குறைத்திருக்கலாம் என்பதே முதல் விளக்கம். வெற்றிலை பாக்கால் வரும் வாய்ப் புற்றுகளில் பெரும்பாலும் இந்த வைரஸ் இருப்பதில்லை. பி53 மரபணுவே பல நேரம் மாறிப்போயிருக்கும். எண்கள் உண்மை, படங்கள் உண்மை, முடிவு மட்டும் வேறோர் உறுப்பைப் பற்றியது. தலைப்பில் ‘வாய்ப் புற்றுநோய்’ என்ற சொல்லை மாற்றினால் மட்டும் சரியாகும் பிழை இல்லை இது.

கோப் எனப்படும் வெளியீட்டு நெறிக் குழுவின் 2019 வழிகாட்டி, முடிவுகள் நம்பத்தகாதவை என்று தெளிவானால், காரணம் மோசடியானாலும் நேர்மையான தவறானாலும், திரும்பப் பெறலைப் பரிசீலிக்கச் சொல்கிறது. எல்லா ஆசிரியர்களும் ஒப்பவேண்டும் என்ற நிபந்தனை இல்லை; யார் ஒப்பினார், யார் ஒப்பவில்லை என்று அறிவிப்பில் எழுதலாம். ஐந்து ஆசிரியர்களில் ஒருவர் காலமாகிவிட்டார். மூவர் ஒப்பினர். மேற்பார்வையாளர் ஒப்பவில்லை.

மிச்சமிருந்த கேள்வி நேரம் பற்றியது. விண்ணப்பம் ஜூனில். இதழுக்குக் கடிதம் ஜூலையில்தான் போகவிருந்தது. அதனால் படிவத்தில் 35, 13 என்று எழுதியிருந்தாலும் விதிப்படி யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. சகாக்கள் சிலர் அதையே சொன்னார்கள். அவர் 34, 12 என்று எழுதி, ஒரு பக்க விளக்கத்தை இணைத்தார். காரணம் நடைமுறை சார்ந்ததும்கூட: திரும்பப் பெற்ற கட்டுரையை ஸ்கோபஸ் நீக்காது, குறியிட்டு வைத்திருக்கும், அதன் மேற்கோள்கள் குறியீட்டில் தொடர்ந்து எண்ணப்படும். கையால் கழிக்காவிட்டால் 13 என்பது என்றைக்கும் 13ஆகவே தெரியும்.

பின்னர் நடந்தது

மூன்று இதழ்களுக்கும் 2022 ஜூலை முதல் வாரத்தில் கடிதங்கள் போயின. ஒவ்வொன்றிலும் எஸ்டிஆர் அறிக்கைகள் இரண்டும், எந்தப் படம், எந்த அட்டவணை பாதிக்கப்பட்டது என்ற பட்டியலும் இருந்தன. 2013 கட்டுரைக்குத் திருத்தம் அக்டோபரில் வந்துவிட்டது.

2011 கட்டுரைக்கு இதழாசிரியர் முதலில் அனுப்பியது ஒரு திருத்த அறிவிப்பின் வரைவு. ஆசிரியர்களே திரும்பப் பெறக் கேட்டும் இதழ் திருத்தத்தோடு முடிக்கப் பார்த்தது. பி53 விளக்கத்தை இரண்டு பத்தியில் மறுபடி எழுதி அனுப்பியபின், டிசம்பரில் வெட்டப்படாத புரதப் பட்டைப் படங்களைக் கேட்டார்கள். பதினொரு ஆண்டுக்கு முந்தைய எக்ஸ்ரே ஃபிலிம்கள் அலமாரியில் இருந்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று இல்லை என்பதையும் எழுதினார்கள். 2023 ஜூனில் அறிவிப்பு வந்தது: செல் லைன் தவறான அடையாளம், நேர்மையான தவறு, ஆசிரியர்களே முன்வந்து தெரிவித்தது, ஒருவர் உடன்படவில்லை. கேட்டதிலிருந்து பதினொரு மாதம்.

2015 கட்டுரை வந்த இதழ் அதற்குள் நின்றுபோயிருந்தது. ஸ்கோபஸும் அதைச் சேர்ப்பதை நிறுத்தியிருந்தது. அந்த இதழுக்கு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. பல்கலைக்கழகக் களஞ்சியத்திலுள்ள பிரதியில் ஒரு குறிப்பு சேர்த்தார்கள். வெளியான கட்டுரைகளைப் பற்றிக் கருத்திடும் பப்பீர் தளத்தில் ஆசிரியர் தம் பெயரிலேயே பின்னூட்டம் இட்டார். அதற்குமேல் வழியில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டிலும், அதைத் தொடர்ந்த இரண்டு முதுநிலை ஆய்வேடுகளிலும் விளக்கத் தாள் செருக, பட்டமேற்படிப்புப் பிரிவு ஒப்புக்கொண்டது. பட்டத்தைப் பற்றிக் கேள்வி எழவில்லை.

2011ஐ மேற்கோள் காட்டிய 31 கட்டுரைகளையும் படித்துப் பார்த்தபோது, 19 கட்டுரைகள் கேபியை வாய்ப் புற்று என்றே எடுத்துக்கொண்டிருந்தன. எல்லாருக்கும் எழுதவில்லை, அதை அடிப்படையாக வைத்து ஆய்வைத் தொடர்ந்த மூன்று குழுக்களுக்கு மட்டும் எழுதினார். இரண்டு பதிலளித்தன.

பதவி உயர்வுக் குழு 2022இல் முடிவெடுக்கவில்லை. இதழின் தீர்ப்பு வரட்டும் என்று ஒத்திவைத்தது. விண்ணப்பம் 2024 ஜனவரியில் ஏற்கப்பட்டது. குழுவின் எச்சரிக்கை புரிகிறது. ஆனால் தாமாகச் சொன்னவர் பதினெட்டு மாதம் காத்திருந்தார், சொல்லாமல் இருந்திருந்தால் காத்திருக்கமாட்டார். இதழின் வேகத்தை ஆய்வாளரின் கணக்கில் எழுதியது சரியல்ல. கையிலிருந்த 34 கட்டுரைகளை வைத்தே அன்று முடிவெடுத்திருக்கலாம்.

மாற்றிச் செய்யவேண்டியவை

அந்த ஆய்வகத்தில் இப்போது தாள் இல்லாத குடுவை உள்ளே வருவதில்லை. வரும் செல் முதலில் தனிமை இன்குபேட்டரில் இருக்கும். செல் வளர்ப்பில் தொற்றும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்குப் பிசிஆர் சோதனை, எஸ்டிஆர் சோதனை இரண்டும் முடிந்தபின்பே பொது அறைக்குப் போகும். முதல் மூன்று பாசேஜுக்குள் (செல்களைப் பிரித்துப் புதுக் குடுவைக்கு மாற்றும் சுற்று) பத்துக் குப்பிகள் உறைய வைத்து, அவற்றில் இரண்டை டிஎன்ஏவுக்கென்றே ஒதுக்குகிறார்கள். 2010 குப்பி தற்செயலாகக் கிடைத்தது. தற்செயலை நம்பமுடியாது. கட்டுரை அனுப்புமுன் மறுசோதனை உண்டு. பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம்; செலவில்லை. 2009இல் இந்த இரண்டு நிமிடம் செலவழிக்கப்பட்டிருந்தால் மேலே எழுதியதில் பாதி நடந்திருக்காது.

பெயரைப் பொறுத்தவரை, முதுநிலை மாணவர் ஆய்வுத் திட்டம் சமர்ப்பிக்கும் நாளிலேயே வெளியீட்டுப் பெயரை முடிவுசெய்து ஆர்கிட் எண் வாங்கச் சொல்கிறார்கள். ஏ/எல் (மகன்), ஏ/பி இரண்டும் வேண்டாம். தந்தை பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இடுவதானால் எப்போதும் அப்படியே இடவேண்டும். மேற்கோள்களில் நிற்பது தந்தை பெயர்தான் என்பதையும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளவேண்டும். சிலர் இரண்டையும் இணைகோட்டால் சேர்த்து ஒரே பெயராக்குகிறார்கள். அதுவும் வேலை செய்கிறது, முதல் கட்டுரையிலிருந்தே செய்தால்.

இதழ் கால்வரிசைக்கு, வெளியான ஆண்டின் பக்கத்தை அந்த ஆண்டிலேயே சேமித்து வைக்கிறார்கள். பத்து ஆண்டு கழித்துத் தேடினால் இன்றைய நிலைதான் முதலில் கண்ணில் படும்.

பதவி உயர்வுப் படிவத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘திருத்தப்பட்டவை, திரும்பப் பெற்றவை’ என்று ஒரு வரி சேர்க்க நூலகம் பரிந்துரைத்தது. படிவம் இன்னும் மாறவில்லை. 2011 கட்டுரைக்கு, திரும்பப் பெற்ற அறிவிப்பு வந்தபிறகும் 2024 இறுதிக்குள் மேலும் நான்கு மேற்கோள்கள் சேர்ந்தன. நான்கில் மூன்று அதைக் கேபி வாய்ப் புற்றுக்கான சான்றாகவே காட்டுகின்றன. திரும்பப் பெற்ற கட்டுரையைச் சேர்த்தால், மேற்கோள்களைத் தொகுக்கும் மென்பொருளான ஸோட்டேரோ சிவப்புப் பட்டை காட்டும். பழைய கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டுகிறவர்களுக்கு அந்தப் பட்டை தெரிவதில்லை.